எங்கள் ஆளுக்கு மட்டும் வேண்டாம்

"உன் கையைக் காலா நெனைச்சுக் கேக்கறேன் ரோமர். எங்க ஆளுக்கு மட்டும் ஓட்டுப் போட்டுராதே."

ஃபோனின் அந்த முனையில் பெல்டன் அணியின் கோச் ரோமர் கொட்டாவி விட்டார். இந்த முனையில் எங்கள் கார்விக் அணியின் மேனேஜர் வெர்ன் டோப்லர், கழுத்துவரை காட்டெருமை வேஷத்தில் நின்றுகொண்டிருந்தார். காட்டெருமை எங்கள் அணியின் சின்னம். அதன் தலை மேஜைமேல் உட்கார்ந்து அவரையே முறைத்துக்கொண்டிருந்தது. வேஷம் போட்டுக்கொண்டு குதிக்கிற ஆள் கிறிஸ்துமஸோடு வேலையை விட்டுப் போய்விட்டான். அதனால் டிக்கெட் விற்பது, ஹாட்டாக் விற்பது, பஸ்ஸுக்குச் சொல்லிவைப்பது, ஓட்டலில் அறை போடுவது ஆகியவற்றோடு குதிப்பதும் டோப்லர் தலையில் வந்து விழுந்தது. சின்ன லீக் கூடைப்பந்தில் மேனேஜர் என்றால் இவ்வளவும்தான்.

"ஏன் போடக்கூடாது?" என்றார் ரோமர். "ப்ரூசார்ட் மாதிரி ஒருத்தன் இந்த லீக்குலயே கெடையாதுன்னு நீதானே டிசம்பர்ல பீத்திக்கிட்டே?"

"அது டிசம்பர்."

"இது மார்ச். இப்ப நானும் ஒத்துக்கறேன்." சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிட்டார்.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. 'மிக மதிப்புள்ள ஆட்டக்காரர்' என்று ஒரு விருது கிடைத்தால் மற்ற இடங்களில் இனிப்பு வாங்கிக் கொடுப்பார்கள். எங்கள் லீக்கில் அது வீட்டைக் காலி பண்ணச் சொல்லி வருகிற நோட்டீஸ் மாதிரி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விருந்து வைத்து விருதைக் கொடுப்பார்கள். செவ்வாய்க்கிழமை கோப்பைக்கான ஆட்டங்கள் ஆரம்பம். நடுவில் ஒரு திங்கட்கிழமை இருக்கிறதே, அந்தத் திங்கட்கிழமைதான் எமன். அன்றைக்கு எவனாவது பெரிய ஆள் வந்து விருது வாங்கியவனைக் கொத்திக்கொண்டு போய்விடுவான். போன வருஷத்து ஆள் பெரிய லீக்குக்குப் போனான். அதற்கு முந்தினவன் மணிலாவுக்கு. அதற்கும் முந்தினவன் இத்தாலிக்கு, தட்டில் பாதி முட்டை அப்படியே இருக்க, துடைத்த கையோடு போனான். அவனவன் அணி செவ்வாய்க்கிழமை மண்ணைக் கவ்வியது.

எட்டு அணிகளின் கோச்சுகளும் லீக் அலுவலகத்துக்கு ஃபோன் போட்டு ஓட்டைச் சொல்லவேண்டும். சொந்த அணி ஆளுக்கு ஓட்டுப் போடக்கூடாது. நியாயமாக நடக்கவேண்டும் என்று யாரோ ஒரு புண்ணியவான் இந்த விதியைப் போட்டுவைத்தான். கோச்சுகள் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள்: எவன் செவ்வாய்க்கிழமை எதிரே நிற்கக்கூடாதோ அவனுக்குப் போடு. ஆக, எதிரிகள் எல்லாரும் கூடி உங்கள் வீட்டுத் தூணைப் பிடுங்கி, அதற்கு மாலையும் போட்டு வழியனுப்பி வைப்பதற்குப் பெயர் எங்கள் ஊரில் விருது.

எங்கள் தூண் ராண்டல் ப்ரூசார்ட். லூசியானாக்காரன், ஆறடி ஏழங்குலம். அவன் ஆடினால் கார்விக் ஜெயிக்கும், உட்கார்ந்தால் கார்விக்கும் உட்காரும். அணியின் முதலாளி ஹாகன், டிராக்டர் வியாபாரி. பிப்ரவரியிலேயே அவர் டோப்லரைக் கூப்பிட்டுக் கறாராகச் சொல்லிவிட்டார். "கோப்பை வந்தா அணி இங்க இருக்கும். வரலைன்னா ஐடஹோல ஒருத்தன் கேட்டுக்கிட்டிருக்கான், தள்ளி விட்டுருவேன்."

டோப்லருக்கு ஐம்பத்து மூன்று வயது. வேறு எந்த வேலையும் தெரியாது. பள்ளிக்கூடம் விட்ட வயதிலிருந்து அந்த அரங்கத்தில்தான் கிடக்கிறார், அணி போனால் அவரும் போனார். கார்விக்கிலோ வருஷத்தில் பாதி நாள் பனி. அணியும் போய்விட்டால், பக்கத்து வீட்டுக்காரன் வாசலில் பனி அள்ளுவதை ஜன்னல் வழியாகப் பார்ப்பது ஒன்றுதான் ஊருக்குப் பொழுதுபோக்கு. ப்ரூசார்ட் இல்லாமல் கோப்பையா? காகிதக் கோப்பைகூடக் கிடைக்காது.

கெஞ்சிப் பார்த்தாயிற்று. இனிமேல் வேறு வழியாகத்தான் போகவேண்டும் என்று டோப்லர் முடிவு செய்தார். ஒருத்தன் சரக்கை நாலு பேர் விரும்பக்கூடாது என்றால், சரக்கு சொத்தை என்று சொல்லிவிட்டால் போச்சு. உட்கார்ந்து வரிசையாக ஃபோன் போட்டார். ப்ரூசார்டுக்கு முழங்கால் போய்விட்டது, படியேறினால் கரகரவென்று சத்தம் கேட்கிறது என்று ஒரு கோச்சிடம் சொன்னார். பந்தை யாருக்கும் தரமாட்டான், மகா சுயநலம் என்று இன்னொருவரிடம். மூன்றாமவரிடம் பேசும்போது கற்பனை தீர்ந்துபோய், அவனுக்கு ஒரு கண் சரியாகத் தெரியாது என்றுகூடச் சொல்லிவிட்டார்.

மூன்றாமவர் அதை அவர் ஊர்ப் பத்திரிகைக்காரனிடம் உளறினார். மறுநாள் எங்கள் ஊர்ப் பத்திரிகை முதல் பக்கத்தில், சொந்த வீரனையே தூற்றும் மேனேஜர் என்று கொட்டை எழுத்தில் போட்டது. ஊர் கொதித்தது. பேக்கரியில் டோப்லரைப் பார்த்ததும் டோனட் தீர்ந்துவிட்டது என்றார்கள். தட்டு நிறைய டோனட் அவர் கண்ணெதிரே இருந்தது. லூதரன் சர்ச்சில் ப்ரூசார்டின் முழங்காலுக்காகப் பிரார்த்தனை நடந்தது. ப்ரூசார்டே ஆபீசுக்கு வந்து, ஒன்றும் பேசாமல், முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது என்று காட்ட நின்ற இடத்திலிருந்து எம்பிக் குதித்தான். டியூப் லைட் உடைந்தது.

கோச்சுகள் என்ன குழந்தைகளா? கடைக்காரனே தன் சரக்கைக் குறை சொன்னால் அதைப் பதுக்குகிறான் என்றுதான் அர்த்தம். ஓட்டு யாருக்கு என்று அதுவரை முடிவு செய்யாதவர்களும் அன்றைக்கு முடிவு செய்துவிட்டார்கள்.

அந்த வாரத்து ஆட்டத்தில், இடைவேளையில், டோப்லர் ஹாட்டாக் கவுண்டரில் நின்றபோது ப்ரூசார்டின் மனைவி இவெட் வந்தாள். பனியே அறியாத லூசியானாவில், லேக் சார்ல்ஸ் என்ற ஊரில் மெத்தைக் கடை வைத்திருப்பவரின் மகள். எங்கள் ஊர்ப் பல் டாக்டரிடம் வேலை பார்த்தாள். ஏப்ரல் வரைக்கும் இரண்டு கோட்டு போட்டுக்கொண்டு நடமாடுவாள். பத்திரிகையைப் படித்துவிட்டு வந்திருப்பாள், நாலு பேர் எதிரில் கிழிக்கப்போகிறாள் என்று டோப்லர் கையில் கடுகுச் சாந்தோடு உறைந்து நின்றார்.

அவள் கத்தவில்லை. குரலைத் தாழ்த்தி, "மிஸ்டர் டோப்லர், இந்த வருஷம் அவருக்கு அந்த விருது வந்துருமா?" என்று கேட்டாள்.

"சொல்ல முடியாதும்மா" என்றார் டோப்லர்.

"உங்களுக்குத் தெரியாம இருக்குமா? வருமா வராதான்னு மட்டும் சொல்லுங்க."

அவள் முகத்தில் இருந்த தவிப்பை டோப்லர் பார்த்தார். பெரிய லீக், கடலோரத்தில் வீடு, பனி இல்லாத மார்ச் மாதம், இதெல்லாம் இந்தப் பெண் கனவில் வந்து போகிறது போல என்று நினைத்தார். ஹாட்டாக்கில் இரண்டு மடங்கு வெங்காயம் போட்டுக் கொடுத்தார். வேறு என்ன செய்வார் பாவம்.

வாயால் ஆகாததை ஆட்டத்தில் காட்டுவது என்று அடுத்த திட்டம். எங்கள் கோச் எம்மெட்டைப் பிடித்துக் காதைக் கடித்தார். கடைசி இரண்டு லீக் ஆட்டங்களில் ப்ரூசார்டை உட்காரவைத்துவிட்டால் யாரும் அவனை நினைக்கமாட்டார்கள். கோப்பைக்கு ஆடப்போகிற முதல் நான்கு அணிக்குள் ஏற்கெனவே வந்தாகிவிட்டது, தோற்றாலும் பரவாயில்லை. எம்மெட்டுக்கு இதில் சம்மதமில்லை. ஆனால் ஐடஹோவுக்கு அணி போனால் கோச்சையும் கூட்டிக்கொண்டு போவார்கள் என்று எந்த உத்தரவாதமும் இல்லையே. சரி என்றார்.

ப்ரூசார்டுக்குப் பதில் இறங்கியவர் ஸ்டான் பிலார்ஸ்கி. முப்பத்தாறு வயது, நல்ல மனிதர். அவரைப் பற்றி ஆட்ட சம்பந்தமாகச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. தொலைந்துபோன செருப்பைத் தேடுகிறவர் மாதிரி மைதானத்தில் இங்குமங்கும் நடப்பார். பந்து கைக்கு வந்தால் பதறிப்போய் யாரிடமாவது கொடுத்துவிடுவார். ஒரு தடவை முன்வரிசையில் பாப்கார்ன் தின்றுகொண்டிருந்தவரிடமே கொடுத்தார். இன்னொரு தடவை பந்து தானாக வந்து அவர் தலையில் பட்டுக் கூடைக்குள் விழுந்தது. அதற்கும் எழுந்து நின்று கைதட்டினார்கள், எங்கள் ஊர் ஜனங்கள் அவ்வளவு தங்கமானவர்கள்.

லீக்கிலேயே கடைசியில் கிடந்த அணியிடம் தோற்றோம். சனிக்கிழமை அதைவிடக் கேவலமாகத் தோற்றோம். காட்டெருமைக்குள் இருந்த டோப்லர் மட்டும் சந்தோஷமாகக் குதித்தார். அதைப் பார்த்துவிட்டு யாரோ மேல்வரிசையிலிருந்து அவர்மேல் ஒரு ஷூவை வீசினார்கள்.

விருந்துக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ரோமரிடமிருந்து ஃபோன்.

"வெர்ன், உனக்கு நன்றி சொல்லத்தான் கூப்பிட்டேன். மதிப்புன்னா என்னன்னு எனக்கே இத்தனை நாள் சரியாத் தெரியாது. ஒருத்தன் இல்லாட்டி என்ன நடக்கும்னு ரெண்டு ஆட்டமாப் போட்டுக் காட்டிட்டே பாரு, அதுதான்யா மதிப்பு. என் ஓட்டு அவனுக்குத்தான். மத்தவங்களும் அதையேதான் சொல்றாங்க."

டோப்லர் தலையில் அடித்துக்கொண்டார். வேஷத்தின் தலை அது. வலிக்கவில்லை.

அன்று மத்தியானம் இவெட் ஆபீசுக்கே வந்துவிட்டாள், கையில், மாவுக்குள் வைத்துச் சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்குப் பலகாரத்தோடு. சுடச்சுட, லவங்கப்பட்டை வாசனையோடு, நல்ல இனிப்பு. புருஷனை உட்காரவைத்தவனுக்குப் பலகாரமா என்று டோப்லருக்குக் குழப்பம். விருதுக்காக ஏதோ தன்னால் ஆனதைச் செய்து பார்க்கிறாள் என்று அவருக்குத் தோன்றியது. மனசு கேட்கவில்லை. ஆசை காட்டி மோசம் பண்ணக்கூடாது என்று, "இவெட், நான் உள்ளதைச் சொல்லிடறேன். அந்த விருது அவனுக்கு வராமப் போறதுக்குத்தான் வாய்ப்பு ஜாஸ்தி. மனசைத் தேத்திக்கோ" என்றார்.

அவள் கண் கலங்கின மாதிரி இருந்தது. "நெஜமாத்தான் சொல்றீங்களா?" என்றாள். டோப்லர் தலையைக் குனிந்துகொண்டார். பலகாரத்தில் இன்னொரு துண்டை வெட்டி அவர் தட்டில் வைத்துவிட்டு அவள் போனாள். எவ்வளவு பெருந்தன்மை என்று எண்ணியபடி டோப்லர் அதையும் சாப்பிட்டார். ருசியாகத்தான் இருந்தது.

அந்த இரண்டாவது துண்டைத் தின்னும்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது. கெஞ்சினால் போடுவேன் என்கிறார்கள். திட்டினால் தங்கம் என்கிறார்கள். மறைத்தால் மதிப்பு என்கிறார்கள். தான் எதைச் சொன்னாலும் இந்த ஏழு பேரும் அதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். ஆக, வேண்டாததைக் கேட்டால் வேண்டியது நடக்கும். இத்தனை வருஷத்தில் தனக்கு இப்படி ஒரு யோசனை தோன்றியதே இல்லை என்று டோப்லருக்கே பெருமையாக இருந்தது. விரலை நக்கிவிட்டு ஃபோனை எடுத்தார்.

"ரோமர், நான் யோசிச்சுப் பாத்தேன். நீ சொன்னதுதான் சரி. ப்ரூசார்டுக்கே போட்டுரு."

"என்னது?"

"அவனுக்கே போடு. மனப்பூர்வமாச் சொல்றேன். பிலார்ஸ்கி பேரை மட்டும் எடுக்காம இருந்தாச் சரி."

"பிலார்ஸ்கியா? அந்தக் கெழவனா?"

"யாரு சொன்னா? நானா? வாய் தவறி வந்துருச்சு. மறந்துரு ரோமர். தயவுசெஞ்சு மறந்துரு."

ரோமர் மெதுவாக, "நான் ஏன் மறக்கணும்?" என்று கேட்டார். டோப்லர் ஃபோனை வைத்துவிட்டு, மற்ற கோச்சுகளுக்கும் இதே நாடகத்தை நடித்தார். ஃப்ளூ காய்ச்சலில் படுத்திருந்த ஒரு கோச்சை மட்டும் பிடிக்க முடியவில்லை.

அடுத்த இரண்டு நாள் ஊர் ஊராக கோச்சுகள் எங்கள் சனிக்கிழமை ஆட்டத்தின் வீடியோவைப் போட்டுப் போட்டுப் பார்த்தார்களாம். நிஜமாகவே இவ்வளவு மோசமாக ஆட ஒரு மனுஷனால் முடியாது என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். அப்படியானால் நடிக்கிறான். நடித்தால், எதையோ செவ்வாய்க்கிழமைக்கென்று ஒளித்துவைத்திருக்கிறான். முழங்கால், கண், ப்ரூசார்டை உட்காரவைத்தது எல்லாமே அந்தக் கிழவனிடமிருந்து நம் கவனத்தைத் திருப்ப டோப்லர் காதில் சுற்றிய பூ. படித்தவர்கள், பத்து இருபது வருஷம் ஆட்டத்தில் ஊறியவர்கள், எல்லாரும் சேர்ந்து இதை நம்பினார்கள். புத்திசாலியை ஏமாற்றுவதுதான் எப்போதும் சுலபம். பாதி வேலையை அவனே செய்துகொடுத்துவிடுவான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விருந்து, மாநிலத் தலைநகர் பிஸ்மார்க்கில், ஒரு ஓட்டல் கூடத்தில். பொரித்த மீன், உருளைக்கிழங்கு, மேலே உருகிய பாலாடைக்கட்டி. விருதுக் கோப்பையை லீக்காரர்கள் பௌலிங் விளையாட்டுச் சாமான் கடையில் மலிவாக வாங்கியிருந்தார்கள். மேலே குனிந்து பந்தை உருட்டுகிற உருவம். பந்துக்கு மட்டும் ஆரஞ்சுப் பெயின்ட் அடித்துக் கூடைப்பந்தாக்கிவிட்டார்கள்.

லீக் தலைவர் கையிலிருந்த சீட்டை ஒருமுறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். கூப்பிட்டு விசாரிக்கலாமா என்று யோசிக்கிற மாதிரி வாசல் பக்கம் பார்த்தார். பிறகு வேறு வழியில்லாமல், "கார்விக் அணியின் ஸ்டான் பிலார்ஸ்கி" என்றார்.

பிலார்ஸ்கி வாயில் மீனோடு திரும்பிப் பின்னால் பார்த்தார், இன்னொரு பிலார்ஸ்கி இருக்கிறாரோ என்று. இல்லை என்று தெரிந்ததும் அழ ஆரம்பித்தார். மேடையில் ஏறி, தன்னை இந்த உலகத்தில் நம்பிய ஒரே ஜீவன் வெர்ன் டோப்லர்தான் என்று அழுதுகொண்டே வெகு நேரம் பேசினார். கேக் வருவதற்குள் மணிலாவிலிருந்து வந்திருந்த ஏஜென்ட் அவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டான். அவர் ஆடிப் பார்த்தாயா என்று எம்மெட் கேட்டதற்கு, விருது வாங்கினவரைத் தூக்கிவிட்டு வரச் சொன்னார்கள், ஆட்டத்தைப் பார்க்கச் சொல்லவில்லை என்றானாம்.

ரோமர் எங்கள் மேஜைக்கு வந்து, வெற்றிப் புன்னகையோடு டோப்லரின் கையைக் குலுக்கினார். "உன் துருப்புச் சீட்டு போச்சு வெர்ன். செவ்வாய்க்கிழமை பாக்கலாம்." டோப்லர் முகத்தை இழவு வீட்டு முகம் மாதிரி வைத்துக்கொள்ளப் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். ரோமர் நகர்ந்ததும் ஹாகன் அவர் முதுகில் ஓங்கித் தட்டி, செவ்வாய்க்கிழமை ப்ரூசார்ட் இறங்கினால் போதும், கோப்பை நம்முடையது என்றார். முதலாளி அவர் முதுகில் தட்டுவது அதுதான் முதல் தடவை.

ப்ரூசார்ட் மட்டும் ஒன்றும் சாப்பிடவில்லை. எழுந்து போய் பிலார்ஸ்கியைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினான். அப்புறம் யாரையும் பார்க்காமல் வெளியே போனான். அந்த நீண்ட முதுகு கதவைத் தாண்டிப் போவதைப் பார்த்தபோது டோப்லருக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. வருஷம் முழுக்க உயிரைக் கொடுத்து ஆடியவன். பிலார்ஸ்கிக்குப் போன அந்தப் பொம்மை அவனுக்குப் போயிருக்கவேண்டியது. கோப்பை கைக்கு வந்ததும் அவனிடம் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுவது, அவன் பெயரில் அரங்கத்தில் ஒரு பலகை மாட்டுவது என்று முடிவு செய்துகொண்டு அவரும் பின்னாலேயே போனார்.

வெளியே வெயில். பனி உருகிச் சேறாகிக் கிடந்தது. ப்ரூசார்டின் கார் பாரம் தாங்காமல் பின்பக்கம் தாழ்ந்து நின்றது. பின் ஸீட்டில் பெட்டிகள், போர்வைகள், ஒரு மேஜை விளக்கு. கூரைமேல் நாற்காலி இரண்டைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். ப்ரூசார்ட் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே வெறித்துக்கொண்டிருந்தான். கண்கள் சிவந்திருந்தன. இவெட் இரண்டு கோட்டில் ஒன்றைக் கழற்றி ஓட்டல் குப்பைத்தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். டோப்லரைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"எங்கம்மா கெளம்பிட்டீங்க? செவ்வாய்க்கிழமை ஆட்டம் இருக்கே" என்றார் டோப்லர். "பெரிய லீக்லேர்ந்து ஏதாவது கூப்பிட்டுட்டாங்களா?"

"அவங்க ஜனவரியிலயே ரெண்டு தடவை கூப்பிட்டாங்க. அங்க போயி மத்தவனுக்குத் துண்டு எடுத்துக் குடுக்கறதைவிட இங்க ராஜாவா இருக்கேன்னு இவர்தான் போகமாட்டேன்னுட்டார்."

டோப்லர் கார்மேல் சாய்ந்துகொண்டார். "அப்ப இது?"

இவெட் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"விருது வந்தா ஆடி முடிக்கிற வரைக்கும் கார்விக்லயே இருக்கறது, வரலைன்னா அன்னைக்கே பந்தை வச்சுட்டு எங்கப்பா மெத்தைக் கடைக்கு வந்துடறதுன்னு போன வருஷமே இவர்கிட்ட சத்தியம் வாங்கி வச்சிருந்தேன் மிஸ்டர் டோப்லர், நீங்க மட்டும் ஊர் ஊரா ஃபோன் போட்டுத் தடுக்கலைன்னா, இந்நேரம் இவர் ஜெயிச்சிருப்பாரு."